கல்லுக்காக வந்த வெள்ளி: ஸூனி நகைக் கலையின் பின்னணி

அமெரிக்கப் பழங்குடியினரான ஸூனி மக்கள் செய்த ஊசிமுனை வேலைக் காப்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளி அல்ல, நீலம். அரிசியைவிட மெல்லிய, இரண்டு முனையும் கூரான டர்க்காய்ஸ் கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கல்லையும் சுற்றி அதற்கென்றே வளைத்த ஒரு வெள்ளித் தகடு. கற்களுக்கு நடுவே பொடிப்பொடியாக வெள்ளி அரும்புகள். ஒரே காப்பில் நூறு கற்களுக்கு மேல் இருப்பது அபூர்வமல்ல. அந்த நூறும் தனித்தனியாகக் கையால் சாணை பிடிக்கப்பட்டவை.

கடைகளில் இது 'வெள்ளி நகை' என்ற பிரிவில்தான் விற்கிறது. ஆனால் ஸூனிக்காரர்களின் கைக்கு வெள்ளி வந்து 150 ஆண்டுகள்தான் ஆகின்றன. கல்லோடு அந்த மண்ணின் உறவு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. இந்த வயது வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் ஸூனி நகை ஏன் அப்படி இருக்கிறது, அதைப் போலி செய்பவர்கள் எதைத் திருடுகிறார்கள் என்பதெல்லாம் விளங்கும்.

ஸூனி பியூப்லோ, அதாவது ஸூனிக்காரர்களின் ஊர், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், அரிசோனா எல்லையை ஒட்டி இருக்கிறது. பக்கத்துப் பெரிய ஊர் கேலப். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுமார் 10,000 பேர் கொண்ட சமூகம். தங்களை 'அஷிவி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பேசும் மொழிக்கு உலகில் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. 1540இல் ஸ்பானியத் தளபதி கொரோனாடோ, பொன்னால் இழைத்த ஏழு நகரங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, படையோடு வந்து தாக்கிய முதல் ஊர் ஸூனிக்காரர்களின் ஹாவிகு. அங்கே பொன் இல்லை. சோளமும் டர்க்காய்ஸும் இருந்தன.

டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் சேர்ந்த ஒரு பாஸ்பேட் கனிமம். செம்புத் தாது உள்ள வறண்ட நிலத்தில், பாறை வெடிப்புகளில் மழைநீர் இறங்கி இறங்கி உருவாவது. அமெரிக்கத் தென்மேற்கு முழுக்க இதற்கு ஏற்ற நிலம். சான்டா ஃபேக்குத் தெற்கே செரில்லோஸ் குன்றுகளில், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பழங்குடி மக்கள் கல் சம்மட்டியால் பாறையைப் பிளந்து இந்தக் கல்லை எடுத்தார்கள். ஸூனி உள்ளிட்ட பியூப்லோ பழங்குடிகளின் முன்னோர் வாழ்ந்த சாக்கோ பள்ளத்தாக்கில், சுமார் ஆயிரம் ஆண்டு பழமையான கட்டடங்களிலிருந்து டர்க்காய்ஸ் மணிகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. இரும்பு இல்லாத காலம் அது. மணியைக் கரடான மணற்கல்லில் உருட்டித் தேய்த்தார்கள். மரத்தண்டில் கல்முனை கட்டிய துளைக்கருவியைச் சுழற்றித் துளை போட்டார்கள்.

கோத்த மணிகளோடு நின்றுவிடவில்லை. சிப்பி ஓட்டின் மேல், மரத்தின் மேல், பின்யான் பைன் மரத்துப் பிசினைத் தடவி, டர்க்காய்ஸையும் ஜெட் என்ற கரிய கல்லையும் சிறு சில்லுகளாக வெட்டிப் பக்கம் பக்கமாக ஒட்டி இழைத்தார்கள். ஹாவிகுவில் 1917 முதல் 1923 வரை நடந்த அகழாய்வில் அப்படி இழைத்த சீப்புகள் கிடைத்தன. சில்லுக்கும் சில்லுக்கும் இடைவெளி தெரியாத வேலை. தோண்டியவர்களில் ஸூனி ஆட்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற சிற்பி லீக்யா டேயூஸே அவர்களில் ஒருவர். தங்கள் முன்னோரின் கைவேலை மண்ணிலிருந்து வெளிவருவதை அவர்கள் நேரில் பார்த்தார்கள். அந்தச் சீப்புகளோ நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போயின. நூற்றுக்கணக்கான கல்லறைகளைத் திறந்து செய்த அகழாய்வு அது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அறிவுக்காகச் செய்தோம் என்றாலும், ஒரு சமூகத்தின் இறந்தவர்களைத் தோண்டி எடுத்தது அநியாயம்தான்.

வெள்ளி வேலை ஸ்பானியரிடமிருந்து நேராக ஸூனிக்கு வரவில்லை. மெக்சிகோ கொல்லர்களிடமிருந்து அண்டைப் பழங்குடியினரான நவஹோ மக்களுக்கு, நவஹோக்களிடமிருந்து ஸூனிக்கு என்று சுற்றி வந்தது. 1872 வாக்கில் அட்சிடி சோன் என்ற நவஹோ கொல்லர் ஸூனிக்கு வந்து, லன்யாடே என்பவருக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். இதை 1930களில் முதியவராக இருந்த லன்யாடேயே ஜான் அடேர் என்ற மானிடவியலாளரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னும் ஸூனியில் செம்பு, பித்தளை வேலை செய்தவர்கள் இருந்தார்கள். வெள்ளிதான் புதிது. அது கிடைத்த வழி, கையில் புழங்கிய நாணயம். அமெரிக்க வெள்ளி நாணயங்களையும் மெக்சிகோ பெசோக்களையும் உருக்கும் கிண்ணத்திலிட்டு உருக்கி, கட்டியாக வார்த்து, சம்மட்டியால் அடித்துத் தகடாக்கினார்கள். பழைய அரங்களையும் இரும்புத் துண்டுகளையும் தேய்த்து முத்திரை அச்சுகள் செய்துகொண்டார்கள்.

முதல் இருபது ஆண்டுகளில் வந்த ஸூனி வெள்ளி நகைகளைப் பார்த்தால் நவஹோ வேலையிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். கனமான காப்பு, ஒட்டியாண வில்லைகள், வில்லாளிகள் மணிக்கட்டில் கட்டும் தகடு. கல் இருக்காது. 1890 வாக்கில்தான் ஸூனியில் வெள்ளிக்குள் டர்க்காய்ஸைப் பதிக்கத் தொடங்கினார்கள். என் பார்வையில் ஸூனி நகை என்று தனியாகச் சொல்லத்தக்கது பிறந்தது அப்போதுதான். அதுவரை வெள்ளியும் கல்லும் அந்த ஊரில் தனித்தனியாக இருந்தன. சேர்ந்த பிறகு கல் மேலே வந்துவிட்டது. நவஹோ நகையில் வெள்ளியின் எடையும் முத்திரையும் முன்னே நிற்கும், கல் அதற்கு அழகூட்டும். ஸூனியில் வெள்ளி, கல்லைப் பிடித்துக்கொள்வதோடு ஒதுங்கிவிடும்.

இந்த மாற்றத்தைக் கைத்திறன் மட்டும் கொண்டுவரவில்லை. 1881இல் ரயில் பாதை கேலப் பகுதியை எட்டியது. சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், வியாபாரிகள் கடை போட்டார்கள். அதே காலத்தில் ஸூனியின் விவசாயம் ஆட்டம் கண்டது. ஒரு காலத்தில் அருகிலிருந்த ராணுவ முகாமுக்கே சோளம் விற்ற மக்கள் இவர்கள். மலைகளில் மரம் வெட்டியதாலும் மிதமிஞ்சிய மேய்ச்சலாலும் மேல்பகுதி மண் அரித்து ஆற்றில் இறங்கியது. அரசு கட்டிய பிளாக் ராக் அணை 1909இல் உடைந்தது. சரிசெய்த பிறகும் நீர்த்தேக்கம் வண்டலால் வேகமாக நிரம்பியது. வயலும் மேய்ச்சலும் சுருங்கச் சுருங்க, கைக்குப் பணம் வரும் வழியாக நகை வேலை வளர்ந்தது. ஸூனி வீடுகளில் சாணை இயந்திரம் இடம்பிடித்ததற்குப் பின்னால் பாழான ஓர் ஆறும் இருக்கிறது.

வியாபாரிகளில் முக்கியமானவர் சி. ஜி. வாலஸ். வட கரோலினாவில் பிறந்தவர், 1910களின் இறுதியில் இளைஞராக ஸூனிக்கு வந்து பல பத்தாண்டுகள் அங்கே வியாபாரம் செய்தார். நல்ல கல்லையும் பவளத்தையும் வெளியிலிருந்து வரவழைத்துக் கொடுப்பது, தகடும் கம்பியும் விற்பது, இன்ன மாதிரி வேண்டும் என்று சொல்லிச் செய்விப்பது, விற்பது எல்லாம் அவர் கடையிலேயே. பழைய கல்லிழைப்பை வெள்ளிக்குள் கொண்டுவர ஊக்கம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஸூனிக்காரர் கல் இழைக்க, நவஹோ கொல்லர் வெள்ளி வேலை செய்ய, ஒரே நகையில் இரண்டு இனத்தாரின் கையும் சேர்வது அவர் கடையில் சாதாரணம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கால நகைகளில் செய்தவர் பெயர் பொறிக்கும் வழக்கம் ஏறக்குறைய இல்லை. 1975இல் வாலஸின் சேகரிப்பு அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் பெரிய ஏலத்துக்கு வந்தபோது, இது லீக்யா செய்தது, இது லியோ போப்லானோ செய்தது என்று பெயர்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி வாலஸ் சொன்ன தகவல். இன்றைக்கு ஸூனிக் கலையின் 'பெரிய பெயர்கள்' என்று நாம் அறிந்தவை பெரிதும் ஒரு வியாபாரியின் நினைவில் தங்கியவை. வேறு கடைகளுக்கு விற்றவர்கள், இன்னொருவர் பெயரில் தங்கள் வேலை போனதைப் பார்த்திருந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

வியாபாரி கேட்டதால் பிறந்த வடிவத்தை மரபு என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. உலகில் எந்த நகைக் கலை வாங்குபவர் இல்லாமல் வளர்ந்தது? வியாபாரி சொன்னது அளவும் விலையும். கல்லை எப்படிப் பிளப்பது, எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்த நீலம் நிற்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஊசிமுனை வேலை உருவாகும் விதத்தை வரிசையாகப் பார்த்தால் இது தெரியும். முதலில் டர்க்காய்ஸ் கட்டியை வைர ரம்பத்தால் மெல்லிய பலகைகளாக அறுப்பார்கள். பலகையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் தீக்குச்சி கனமுள்ள ஒரு குச்சியின் நுனியில் அரக்கை உருக்கி ஒட்டுவார்கள். அந்தக் குச்சிதான் பிடி. ஓடும் சாணைச் சக்கரத்தில் கல்லைத் தொட்டும் தொடாமலும் காட்டி, விரலால் குச்சியைத் திருப்பித் திருப்பி, இரு முனையையும் கூராக்கி, முதுகைக் குமிழாக்குவார்கள். கரட்டுச் சக்கரத்தில் தொடங்கி மிருதுவான சக்கரம் வரை போய், கடைசியில் மெருகு. டர்க்காய்ஸ் அவ்வளவு கடினமான கல் அல்ல. கடினத்தன்மை அளவில் 5 முதல் 6 வரைதான், குவார்ட்ஸைவிடக் குறைவு. அழுத்தினால் முனை சிதறும், சூடேறினால் நிறம் மாறும். நூறு கல் வேண்டுமென்றால் நூற்றுக்கு மேல் தேய்க்க வேண்டும், ஏனென்றால் சில உடையும், சிலவற்றின் நிறம் மற்றவற்றோடு சேராது.

அதன் பிறகே வெள்ளி. ஒவ்வொரு கல்லின் சுற்றளவுக்கும் மெல்லிய வெள்ளிப் பட்டையை வளைத்து மூடிய வளையம் செய்வார்கள். அது கல்லைப் பிடிக்கப்போகும் கூடு. கூடுகளை அடித்தகட்டில் வரிசையாக அடுக்கி, வெண்காரம் தடவிப் பற்றவைப்பார்கள். வெள்ளிக் கம்பியைத் துணுக்குகளாக நறுக்கிக் கரிமேல் வைத்துச் சூடாக்கினால் ஒவ்வொன்றும் உருண்டு அரும்பாகும். அரும்புகளும் முறுக்குக் கம்பியும் அந்தந்த இடத்தில் பற்றவைக்கப்படும். தீ வேலை முழுக்க முடிந்து, அமிலத்தில் போட்டுக் கறை நீக்கி, அரம் போட்ட பிறகுதான் கல் உள்ளே போகும், ஏனென்றால் தீயில் கல் தாங்காது. பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் மரத்தூள் வைப்பார்கள். கல் சரியான உயரத்தில் உட்காரவும் அதிர்ச்சியில் உடையாமல் இருக்கவும் அது மெத்தை. கடைசியாக வெள்ளிக் கூட்டின் விளிம்பைக் கல்லின் மேல் நெருக்கித் தள்ளுவார்கள். இந்த இடத்தில் கை தவறினால் அத்தனை வேலைக்கும் பிறகு கல் விரிசல் விடும்.

கல் முட்டை வடிவிலோ கண்ணீர்த்துளி வடிவிலோ இருந்தால் அதற்கு 'பெட்டி பாயின்ட்' என்று பெயர். பெரிய கற்கள் ஒரு நடுக்கல்லைச் சுற்றி நின்றால் 'கிளஸ்டர்' வேலை. வெள்ளிச் சுவர்களால் அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொரு அறைக்கும் அளவாகக் கல் வெட்டிப் பொருத்தி, கல்லையும் வெள்ளியையும் ஒரே மட்டமாகத் தேய்த்தால் 'சேனல்' வேலை. சுவரே இல்லாமல் கல்லோடு கல் உரசி நின்றால் மொசைக் இழைப்பு. கடைசியில் சொன்னதுதான் ஹாவிகு சீப்பின் நேர் வாரிசு. டர்க்காய்ஸ், பவளம், ஜெட், வெள்ளை முத்துச்சிப்பி ஓடு என்ற நான்கு நிறமும் சேர்ந்த சூரியமுகப் பதக்கத்தை எங்கே பார்த்தாலும் ஸூனி என்று சொல்லிவிடலாம். அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது.

மின்சாரம் வருவதற்கு முன் இந்தச் சாணைச் சக்கரங்களைக் கையால் சுற்றினார்கள். ஒருவர் சுற்ற, ஒருவர் தேய்க்க வேண்டும். அதனால் வீட்டு வேலையாகவே வளர்ந்தது. 1930களுக்குள் பெண்களும் தொழிலில் இறங்கிவிட்டார்கள். டெல்லா காசி முன்னோடிப் பெண் கைவினைஞர்களில் ஒருவர். கணவர் வெள்ளி, மனைவி கல், அல்லது இதற்கு நேர்மாறு, பிள்ளைகள் மெருகு. ஆனால் வெளியில் பேசப்பட்டது பெரும்பாலும் கணவர் பெயர் மட்டும். நகையின் பின்புறத்தில் தம்பதி இருவர் பெயரையும் பொறிக்கும் வழக்கம் பின்னால் பரவியது. அந்த இரட்டைக் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கும். யார் செய்தார்களோ அவர்கள் பெயர் அங்கே இருக்கிறது.

தொழிலின் இன்னொரு பக்கம் நுரையீரல். கல்தூள், சிப்பித்தூள், மெருகுப்பொடி எல்லாம் வீட்டுக்குள்ளேயே பறக்கின்றன. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் முகமூடி போடுவதும் இன்று பரவலாக வலியுறுத்தப்படுகின்றன. ஆனால் பல தலைமுறைகள் அது இல்லாமலேதான் வேலை செய்தன.

விற்பனைக்குப் போவது வேறு, தாங்கள் அணிவது வேறு. டிசம்பர் வாக்கில் நடக்கும் ஷலாகோ சடங்கிலும் மற்ற ஆட்ட நாட்களிலும் ஸூனிக்காரர்கள் கழுத்து நிறைய டர்க்காய்ஸ் சரங்கள் அணிவார்கள். படமெடுக்க அனுமதி கிடையாது. வேட்டைக்கும் பாதுகாப்புக்குமான கல் விலங்குருவங்கள் அவர்களின் சமயத்தில் ஆறு திசைகளோடு சேர்ந்தவை: வடக்குக்கு மலைச்சிங்கம், மேற்குக்குக் கரடி, தெற்குக்கு வளைக்கரடி, கிழக்குக்கு ஓநாய், மேலே கழுகு, கீழே அகழான். லீக்யா போன்றவர்கள் செதுக்கி, மாலையாகக் கோத்து விற்றவை விற்பனைக்கென்றே செய்தவை. சடங்குப் பொருள் அல்ல. எந்தத் தெய்வ உருவத்தை நகையில் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பது ஊருக்குள் இன்றும் பேசப்படும் விஷயம். வெளியாட்கள் தீர்ப்புச் சொல்ல அதில் இடமில்லை.

1970களில் அமெரிக்கா முழுக்க டர்க்காய்ஸ் மோகம் பரவியது. தேவை எகிறியது, விலையும் எகிறியது. போலிகளும் கூடவே வந்தன. பிளாஸ்டிக்கில் சாயம் கலந்து வார்த்த 'பிளாக்' கல், வெளிநாட்டுப் பட்டறையில் மொத்தமாகச் செய்த காப்புகள். பிறகு வெள்ளியின் விலை அடித்தது: 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் சுமார் 6 டாலராக இருந்தது, ஓர் ஆண்டில் 50 டாலரை நெருங்கியது. முதலீடு கையில் இல்லாத குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

போலிகளைத் தடுக்க 1990இல் அமெரிக்கா சட்டத்தைக் கடுமையாக்கியது. பழங்குடியினர் செய்யாத பொருளைப் பழங்குடியினர் செய்தது என்று விற்றால் முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. ஏட்டில் கடுமைதான். நடைமுறையில் பெரிய அளவில் கை வைத்தது 2015 அக்டோபரில். பிலிப்பைன்ஸில் செய்து நியூ மெக்சிகோவுக்கு இறக்குமதியான நகைகளில், கண்ணுக்குத் தெரியாத மையால் அதிகாரிகள் ரகசியமாகக் குறியிட்டார்கள். பிறகு கடைகளில் அவற்றையே 'பழங்குடி நகை' என்று விற்றபோது வாங்கி, புற ஊதா விளக்கில் காட்டி உறுதிசெய்தார்கள். அல்புகர்க்கியைச் சேர்ந்த ஒரு கடைக்காரருக்கு 2018இல் 6 மாதச் சிறை கிடைத்தது. பல ஆண்டுகள் ஓர் ஊரின் பிழைப்பை அரித்த வியாபாரத்துக்கு 6 மாதம். எனக்கு இது போதாது என்றே படுகிறது. போலி நகை வாங்கியவரை மட்டும் ஏமாற்றவில்லை. அதன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல், கையால் நூறு கல் தேய்த்தவர் தன் கூலியைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கல்லுக்கும் தட்டுப்பாடு. அரிசோனாவில் குளோப் அருகே உள்ள ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012இல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்தியது. கோடோ கறையோ இல்லாத ஒரே சீரான வான்நீலம் அதன் சிறப்பு. ஊசிமுனை வேலைக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் அவ்வளவு சிறிய கல்லில் ஒரு கறை விழுந்தாலும் வரிசை கெட்டுவிடும். பழைய சரக்கின் விலை ஏறிவிட்டது. பிசின் ஏற்றி உறுதியாக்கிய கல்லையும், முள்சிப்பியின் ஆரஞ்சு ஓட்டையும் இன்றைய கைவினைஞர்கள் அதிகம் எடுத்தாள்கிறார்கள். பிசின் ஏற்றிய கல் போலி அல்ல, ஆனால் சொல்லி விற்க வேண்டும். 2020இல் கொரோனா பரவியபோது ஊர் வெளியாட்களுக்கு அடைக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் கேலப் நகரத்தின் சாலைகளையே அரசு மூடியது. வியாபாரியிடம் கொண்டுபோய் விற்ற பலர், நகையைப் படமெடுத்து இணையத்தில் நேராக வாங்குபவரிடம் விற்கப் பழகியது அப்போதுதான்.

வாங்க நினைப்பவர்கள் நகையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். செய்தவர் பெயரோ முத்திரையோ இருந்தால், அந்தப் பெயரில் ஸூனியில் யார் வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்கலாம். முன்புறத்தில் கற்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் தேய்த்த நூறு கற்களில் அளவும் நீலமும் அற்பமாக வேறுபடும். எல்லாம் அச்சு மாறாமல் இருந்து, விலையும் மலிவாக இருந்தால் சந்தேகப்படலாம். கல் இயற்கையானதா, பிசின் ஏற்றியதா, பிளாக்கா என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஸூனி ஊருக்குள்ளேயே போய் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே கல்லைத் தேய்த்தவரையே நேரில் கேட்டுவிடலாம்.